இரண்டாம் முறை கேட்பதற்கு ஒரு விழா

1961 அக்டோபர் 22. ஜெர்மனியில் டான்யூப் நதி தொடங்கும் டோனாஎஷிங்கன் என்ற சிற்றூர். ஹங்கேரியிலிருந்து ஐந்து வருடங்களுக்கு முன் தப்பி வந்திருந்த ஜியோர்ஜ் லிகெட்டியின் புதிய ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு ஒன்று அன்று அரங்கேறியது. பெயர் ‘அட்மாஸ்ஃபேர்’. ஒன்பது நிமிடம்தான். பாடிப் பார்க்க ஒரு மெட்டு கிடையாது, காலைத் தட்டத் தாளம் கிடையாது. தந்தி வாத்தியக்காரர்கள் 56 பேர், ஆளுக்கு ஒரு தனி வரி. பல ஸ்தாயிகளில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மெல்ல எழும்பி, மொத்தமாக நிறம் மாறிக்கொண்டே நகரும். முடிந்ததும் கூட்டம் விடவில்லை. ஹான்ஸ் ரோஸ்பாவுட் நடத்திய வானொலி ஆர்க்கெஸ்ட்ரா முழுப் படைப்பையும் அங்கேயே மறுபடி வாசித்தது. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் எடுத்த விண்வெளிப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, பெயர் தெரியாமலேயே இந்த இசை தெரிந்திருக்கும்.

மேற்கத்திய செவ்வியல் இசையில் புதிதாக எழுதுகிறவர்களுக்குக் கிடைப்பதிலேயே அரிதானது இந்த ‘மறுபடி’தான். முதல் அரங்கேற்றம் எப்படியோ கிடைத்துவிடும். இரண்டாவது கிடைக்காது. உயிரோடு இருக்கும் ஓர் இசையமைப்பாளரை நடுவில் வைத்து நான்கைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் விழா எடுக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏன் வளர்ந்தது என்று கேட்டால், பாராட்டு, மாலை மரியாதை எல்லாவற்றையும் விட இந்தப் பற்றாக்குறைதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஒரு சாதாரண ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரியில் புதுப் படைப்பு எங்கே உட்காரும் என்று பார்த்தால் விஷயம் புரியும். முதலில் வரும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு பியானோவை முன்னிறுத்தும் ஒரு கான்செர்ட்டோ, இடைவேளை, கடைசியில் பிராம்ஸோ சாய்கோவ்ஸ்கியோ. டிக்கெட் வாங்கியவர்கள் பெரும்பாலும் கடைசி உருப்படிக்காக வந்தவர்கள். ஒத்திகை நேரமும் அப்படித்தான் பங்கிடப்படும். எழுத வைத்த நிறுவனத்துக்கும், நிதி கொடுத்த அறக்கட்டளைக்கும், செய்தி போடும் பத்திரிகைக்கும் ‘உலக முதல் அரங்கேற்றம்’ என்ற நான்கு சொல்... சரி, மூன்று சொல் கிடைத்துவிட்டது. அதே படைப்பை அடுத்த ஊர் ஆர்க்கெஸ்ட்ரா எடுத்தால் அந்தச் சொற்களைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் இன்னொருவரிடம் இன்னொரு புதுப் படைப்பைக் கேட்பார்கள். போன வருடத்துப் படைப்பின் தாள்கள் பதிப்பாளரின் அலமாரிக்குத் திரும்பிப் போகும்.

இந்தச் சிக்கலை முதலில் நேராகப் பிடித்தவர் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க். 1918இல் வியன்னாவில் அவர் தொடங்கிய தனியார் இசைச் சங்கத்தின் விதிகள் இன்று படித்தாலும் வியப்பாக இருக்கும். கைதட்டக் கூடாது. விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. அன்றைக்கு என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கடினமான படைப்புகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். 1921 வரை நடந்த அந்தச் சங்கத்தின் கணக்கு: 117 கச்சேரிகள், 154 படைப்புகள், 353 வாசிப்புகள். சராசரியாக ஒவ்வொரு படைப்பும் இரண்டு தடவைக்கு மேல். இன்னொன்று, தொடக்க காலத்தில் தன்னுடைய இசையை அங்கே வாசிக்க ஷோன்பெர்க் விடவே இல்லை. தன் பெயரில் விழா நடந்தால் வேண்டாம் என்று சொல்லும் இசையமைப்பாளர்கள் அதிகம் இல்லை என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

எதிர்முனையில் நிற்பவர் இசை நாடகங்கள் எழுதிய வாக்னர். 1876இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் தனக்கென்று ஓர் அரங்கமே கட்டி, தன் படைப்புகளை மட்டும் போட்டு, தானே விழா எடுத்துக்கொண்டார். ஜெர்மானியப் பேரரசர் வந்து பார்த்தார். ஆனால் விட்ட நஷ்டத்தில் அடுத்த விழாவுக்கு 1882 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்று நடக்கும் ‘ஒருவர் விழா’க்களுக்கு நல்ல உதாரணம் பாரிஸில் இருக்கிறது. ரேடியோ பிரான்ஸ் 1991இல் தொடங்கிய ‘பிரெசான்ஸ்’, சேன் நதிக்கரையில் உள்ள வட்ட வடிவ வானொலிக் கட்டடத்தில் பிப்ரவரி மாதத்தில் நடக்கும். ஆண்டுக்கு ஒரு இசையமைப்பாளர் மையம். 2019இல் ஜெர்மனியின் வொல்ஃப்காங் ரீம், 2020இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் பெஞ்சமின், 2021இல் பாஸ்கல் டுசாப்பான், 2022இல் திரிஸ்தான் முராய், 2023இல் கொரியாவில் பிறந்து பெர்லினில் வாழும் உன்சுக் சின், 2024இல் அமெரிக்கர் ஸ்டீவ் ரைக், 2025இல் ஆஸ்திரியாவின் ஓல்கா நொய்விர்த். மையத்தில் இருப்பவரின் படைப்புகள் மட்டுமே என்று இல்லை. அவருடைய பழைய படைப்புகள் ஒரு பக்கம், அவரைவிட இளையவர்களின் முதல் அரங்கேற்றங்கள் இன்னொரு பக்கம். பெரியவரைக் கேட்க வருகிற கூட்டம் புதியவரையும் கேட்டுவிட்டுப் போகும் என்பது கணக்கு.

லண்டனில் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இதையே ஒரே நாளில் சுருக்கிச் செய்கிறது. ஒரு இசையமைப்பாளருக்குக் காலை முதல் இரவு வரை: படம், பேச்சு, சிறு குழுக் கச்சேரி, ராத்திரி ஆர்க்கெஸ்ட்ரா. வடக்கே யார்க்‌ஷயரில், கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஹடர்ஸ்ஃபீல்டில் 1978 முதல் நவம்பர் மாதக் குளிரில் நடக்கும் விழாவுக்கு ஜான் கேஜ், ஸ்டாக்ஹவுசன், பூலேஸ் என்று பெருந்தலைகள் எல்லாம் வந்துபோயிருக்கிறார்கள்.

இவற்றில் வானொலி அடிக்கடி தலைகாட்டுவது தற்செயல் இல்லை. வானொலி நிலையத்து ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். ஓர் இரவு அரங்கம் பாதி காலியாக இருந்தாலும் குழு கவிழ்ந்துவிடாது. ஒத்திகைக்குக் கூடுதல் நாள் ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், வாசித்தது பதிவாகும், ஒலிபரப்பாகும், காப்பகத்தில் இருக்கும். இரண்டாம் முறை கேட்பதற்கு அது ஒரு வழி. டோனாஎஷிங்கனில் 1921இலேயே ஒரு சிற்றரசக் குடும்பத்தின் ஆதரவில் விழா தொடங்கிவிட்டது என்றாலும், 1950இல் தென்மேற்கு ஜெர்மன் வானொலி தோள் கொடுத்த பிறகுதான் இவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ராப் படைப்புகள் அங்கே சாத்தியமாயின.

அப்புறம், இசையமைப்பாளரே நேரில் வந்து உட்காருவது. விழா மலரில் இதைப் பெரிதாகப் போடுவார்கள். உண்மையில் வேலை நடப்பது ஒத்திகை அறையில்.

மேற்கத்திய இசையில் எல்லாம் தாளில் எழுதியிருக்கும், வாசிப்பவர் அதை அப்படியே வாசிப்பார் என்பது பொதுவான எண்ணம். மொஸார்ட்டுக்கு ஓரளவு பொருந்தலாம், ஏனென்றால் அவர் எழுதாமல் விட்டதைச் சொல்லித்தரப் பரம்பரையாக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சமகால இசையில் அந்தப் பரம்பரை இன்னும் உருவாகியிருக்காது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஹெல்முட் லாஹென்மானை எடுத்துக்கொள்வோம். 1969இல் தனிச் செல்லோவுக்கு (வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியம்) அவர் எழுதிய ‘பிரஷன்’ என்ற படைப்பின் தாளைப் பார்த்தால் ஸ்வரங்கள் அபூர்வமாகத்தான் தென்படும். செல்லோவின் உடலையே தாளில் படமாக விரித்து, வில்லை எந்த இடத்தில் வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், விரல் தந்தியின் மேல் எப்படி நகர வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எந்த ஒலி வர வேண்டும் என்பதற்குப் பதிலாகக் கை என்ன செய்ய வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. உரசல், மூச்சு, நறநறப்பு இவைதான் இசை. சும்மா கீறினால் வருகிற சத்தத்துக்கும் அவர் கேட்கும் சத்தத்துக்கும் இடையில் பெரிய தூரம் உண்டு. அதைக் காட்ட, எழுதியவரே பக்கத்தில் நின்று ‘இன்னும் மெதுவாக, தந்தியை விட்டு எழுந்துவிடாமல்’ என்று சொல்வதைப் போல இன்னொன்று இல்லை.

ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியோர்ஜ் குர்டாக் இன்னொரு வகை. புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் பல வருடங்கள் சிறு குழு இசை கற்றுக்கொடுத்தவர். ஒரே ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒத்திகை நேரத்தையே கரைத்துவிடுவார் என்பது இசைக் கலைஞர்கள் மத்தியில் பிரசித்தம். அவர் படைப்புகளில் பல ஒரு நிமிடம் கூட நீளாதவை. அவ்வளவு சிறியதில் ஒரு ஸ்வரம் தடுமாறினாலும் படைப்பில் பாதி போய்விடும். தன் முதல் ஓபெராவை, அதாவது இசை நாடகத்தை, அவர் தொண்ணூறு வயதைத் தாண்டி முடித்தார். 2018 நவம்பரில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அது மேடையேறியபோது, அவ்வளவு தூரம் பயணம் செய்ய உடல் இடம் கொடுக்கவில்லை. அதனால் பாடகர்களும் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநரும்தான் முன்கூட்டியே புடாபெஸ்டுக்குப் போய் அவரிடம் பாடிக்காட்டித் திருத்தம் வாங்கிக்கொண்டார்கள்.

ஸ்டீவ் ரைக் கதை இன்னும் சுவாரசியம். அவருடைய புகழ்பெற்ற ‘18 இசைக் கலைஞர்களுக்கான இசை’ 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் டவுன் ஹாலில் அரங்கேறியது. சுமார் ஒரு மணி நேரப் படைப்பு. அதற்கு நடத்துநர் கிடையாது. அடுத்த பகுதிக்குப் போகலாம் என்பதை வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) வாசிப்பவர் ஒரு சைகை இசையால் தெரிவிப்பார். சில இடங்களில் குழலூதுபவரின் மூச்சு எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு நேரம்தான் அந்த ஒலி. எல்லாம் அவர் குழுவினருக்குக் கையோடு பழகிய விஷயம், அவரவர் குறிப்புத் தாளில் சுருக்கமாக எழுதி வைத்தது. மொத்தப் படைப்பையும் ஒன்றாகக் காட்டும் முழுமையான பிரதி என்று அப்போது ஒன்று இருக்கவில்லை. ஆகவே வேறு யாரும் அதை எடுத்து வாசிக்க முடியவில்லை, ரைக்கின் குழு வந்தால்தான் உண்டு என்ற நிலை. 1990களில் மார்க் மெலிட்ஸ் என்ற இளைய இசையமைப்பாளர் பதிவையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு முழுப் பிரதியைத் தயாரித்தார். அதன் பிறகு அந்தப் படைப்பு உலகம் சுற்றத் தொடங்கியது. 2007இல் மிஷிகன் மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் குழு அதை வாசித்து வெளியிட்ட குறுந்தட்டு பெரிய அளவில் பேசப்பட்டது. எழுதியவர் இல்லாமலே வாசிக்க முடிகிற நிலைக்கு வந்த பிறகுதான் அந்தப் படைப்பு முழுதாக எல்லோருடையதும் ஆனது.

இதில் ஒரு முரண் இருக்கிறது, அதை விழா அமைப்பாளர்கள் பேச விரும்புவதில்லை. எழுதியவர் அரங்கில் இருந்தால் வாசிப்பவர் துணிய மாட்டார். வேகத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமா, இந்த இடத்தை வேறு மாதிரி சொல்லலாமா என்ற எண்ணமே எழாது. விமர்சகர்களும் அன்று மரியாதையோடு எழுதுவார்கள். எண்பது வயதுக்காரர் முதல் வரிசையில் இருக்கும்போது ‘மூன்றாவது பகுதி இழுக்கிறது’ என்று எழுத யாருக்கு மனம் வரும்?

மரியாதை செய்கிற இந்தப் பழக்கம் பழையதுதான். 1808 மார்ச் 27 அன்று வியன்னாவில், 76 வயதை எட்ட நான்கு நாள் இருந்த இசையமைப்பாளர் ஹைடனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து உட்கார வைத்து, அவருடைய ‘படைப்பு’ என்ற பெரும் பாடல் வரிசையை வாசித்தார்கள். நடத்தியவர் சலியேரி. வெளிச்சம் பிறக்கும் இடத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் கிழவருக்கு உடம்பு தாங்கவில்லை, முதல் பாகத்தோடு கிளம்பிவிட்டார்.

வயதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும்: இந்த விழாக்களில் பல, பிறந்தநாள் கணக்கில் ஓடுகின்றன. 70, 80, 90. காரணம் எளிது. ஆர்க்கெஸ்ட்ராக்கள் இரண்டு மூன்று வருடம் முன்பே நிகழ்ச்சிகளை முடிவு செய்துவிடும். பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் பொதுவான சாக்கு ஒன்று வேண்டும். பிறந்தநாளைவிட வசதியான சாக்கு எது?

அப்படி நடந்ததில் மறக்க முடியாதது அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டருக்கு எடுத்த விழா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள டாங்கிள்வுட்டில் கோடையில் சமகால இசைக்கு என்று தனியாக ஒரு விழா உண்டு. 2008 ஜூலையில் அதை முழுக்க முழுக்க கார்ட்டருக்கே ஒதுக்கினார்கள். அவருக்கு அப்போது 99 வயது, நேரில் வந்திருந்தார். திட்டம் போட்ட நடத்துநர் ஜேம்ஸ் லெவைன்தான் அறுவை சிகிச்சையால் வர முடியாமல் போனார். பல கருவிகள் பல வேகங்களில் ஒரே நேரத்தில் பேசிக்கொள்வதுபோல இருக்கும் கார்ட்டரின் இசை, ஒரே ஒரு படைப்பாகக் கேட்டால் சந்தையிரைச்சல் மாதிரி தோன்றும். அடுத்தடுத்த நாட்களில் கேட்கும்போது இது வயலினின் குரல், இது பியானோவின் பிடிவாதம் என்று காது பிரித்தறியத் தொடங்கும். அந்த டிசம்பர் 11 அன்று, சரியாக நூறாவது பிறந்தநாளில், நியூயார்க் கார்னகி ஹாலில் அவருடைய புதிய படைப்பு ஒன்றை பேரன்பாய்ம் பியானோவில் வாசிக்க லெவைன் நடத்தினார். அதே கச்சேரியில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ம் இருந்தது. இளைஞனாக இருந்தபோது அதே ஹாலில் அதைக் கேட்டுத்தான் கார்ட்டருக்கு இசையமைப்பாளர் ஆகும் ஆசை வந்தது. அதன் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 2012இல் 103 வயதில் இறக்கும் வரை எழுதினார்.

தொடர்ந்து கேட்கும்போது காது கற்றுக்கொள்வதற்கு இன்னொரு நல்ல சாட்சி ஆர்வோ பேர்ட். எஸ்தோனியாக்காரர், 1935இல் பிறந்தவர். அவருடைய பிற்கால இசையைத் தனியாகக் கேட்பவர்கள் ‘தியானத்துக்கு ஏற்றது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் இலக்கணம் சுருக்கமானது: ஒரு குரல் படிப்படியாக ஏறும் இறங்கும், இன்னொரு குரல் அடிப்படையான மூன்று ஸ்வரங்களை மட்டுமே தொடும். மணி ஒலிப்பதுபோல இருக்கும். சும்மா உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் அவர் அங்கிருந்து தொடங்கவில்லை. 1960களில் அவர் எழுதியது பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாகக் கையாளும் பன்னிரு ஸ்வர முறையும் முரட்டு மோதல்களும் நிறைந்த இசை. 1968இல் தால்லினில் அரங்கேறிய ‘கிரேடோ’வில் பழைய ஜெர்மன் மேதை பாக்கின் எளிய பியானோத் துண்டு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகப் பேரிரைச்சலாகச் சிதைந்து, மீண்டும் எளிமைக்கு வரும். கிறிஸ்துவை நம்புகிறேன் என்று பாடகர் குழு பாடுவதால் சோவியத் அதிகாரிகளுக்கு ஆகவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு வருடம் அவர் மிகக் குறைவாகவே எழுதினார், பழைய தேவாலய இசையைப் படித்துக்கொண்டிருந்தார். 1976இல் ஒரு சின்னப் பியானோத் துண்டோடு அந்த மணியொலி பிறந்தது. ஒரே விழாவில் முதல் நாள் ‘கிரேடோ’வையும் மூன்றாம் நாள் அந்தத் துண்டையும் கேட்டால், அந்த எளிமைக்கு என்ன விலை கொடுத்தார் என்பது புரியும்.

ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்த ரீம் போன்றவருக்கு விழா எடுப்பதென்றால் எதை விடுவது என்பதே பெரிய வேலை. வேறு சிலரைத் தொடர்ந்து நான்கு கச்சேரி கேட்டால் அவர் கைவசம் உள்ள நான்கு வித்தையும் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் சாயங்காலம் அலுப்பு தட்டும். அதுவும் ஒரு மதிப்பீடுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறை பெயர்களில் இருக்கிறது. ஒருவர் விழாவுக்குத் தேர்வாகிறவர்கள் ஏற்கெனவே பெரிய பதிப்பாளரும் பதிவுகளும் உள்ளவர்கள். இரண்டரை லட்சம் யூரோ மதிப்புள்ள எர்ன்ஸ்ட் ஃபொன் சீமென்ஸ் இசைப் பரிசை 2022இல் நொய்விர்த்தும், 2023இல் பெஞ்சமினும், 2024இல் உன்சுக் சின்னும் வாங்கினார்கள். மூவரும் பாரிஸ் விழாவில் மையமாக இருந்தவர்கள். பரிசும் விழாவும் ஒரே வட்டத்துக்குள் சுற்றுகின்றன. இரண்டாம் அரங்கேற்றத்துக்காக உண்மையிலேயே ஏங்குபவர் நாற்பது வயதில் எங்கோ கற்பித்துக்கொண்டிருப்பவர். அவருக்கு யாரும் ஒரு வாரம் ஒதுக்குவதில்லை. அதிகபட்சம், பெரியவரின் விழாவில் சனிக்கிழமை மதியம் பத்து நிமிடம்.

இதெல்லாம் நடக்க ஆர்க்கெஸ்ட்ரா இருக்க வேண்டும். தென்மேற்கு ஜெர்மன் வானொலி, செலவைக் குறைக்கத் தன்னுடைய இரண்டு ஆர்க்கெஸ்ட்ராக்களை ஒன்றாக இணைக்க முடிவு செய்தது. ஒன்று ஸ்டுட்கார்ட்டில் இருந்தது, மற்றது பாடன்-பாடன், ஃப்ரைபுர்க் ஊர்களுக்கு உரியது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2012 டோனாஎஷிங்கன் விழாவில் ஓர் இளம் இசையமைப்பாளர் மேடையேறி, ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஒரு வயலினையும் செல்லோவையும் எல்லோர் முன்னாலும் உடைத்துக் காட்டினார். 2016இல் இணைப்பு நடந்தே விட்டது. அந்த இரண்டில் பாடன்-பாடன் குழுதான் 1961இல் ‘அட்மாஸ்ஃபேர்’ஐ ஒரே மாலையில் இரண்டு முறை வாசித்தது.